முத்தம் கூடாது, பத்து நாள்!

குழந்தைகள் கிளினிக்கில் நர்ஸ் வேலை என்றால் பாதி நேரம் மருந்து போடுவது, மீதி நேரம் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்த மருந்தைத் துடைப்பது. எழுபதுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் இருந்தேன். உதட்டில் கொப்புளம் வந்த பிள்ளைக்கு ஒரு வாய் கஞ்சி ஊட்டப் போராடியவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும். அந்தப் புண் பத்து நாளில் தானாகக் காய்ந்து விழுந்துவிடும். கண்ணுக்குப் பரவினாலோ, பிறந்த குழந்தைக்கு முத்தத்தில் தொற்றினாலோதான் ஆபத்து. டாக்டரம்மா என்னை விரட்டியதெல்லாம் இந்த இரண்டுக்கும் பயந்துதான்.

காவிச் சிங்கம்

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மூன்று வயதுப் பையனைத் தூக்கி வந்தாள். வாயைச் சுற்றிக் கொப்புளம். அக்கிக்குச் சிங்கம் எழுதினால் இறங்கிவிடும் என்று குயவரிடம் போய், காவி மண்ணைக் குழைத்து முகத்தில் எழுதி வாங்கியிருக்கிறாள். சிங்கத்தின் வால் கண் இமை வரைக்கும் போயிருந்தது. அடியில் கொப்புளமா, வெறும் காவியா, எனக்கு எப்படித் தெரியும்? ஈரப் பஞ்சை எடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டாள். அரை மணி நேரம் மன்றாடின பிறகு அவள் கொடுத்த ஒரே ஒரு சலுகையில்தான் இமையைப் பார்க்க முடிந்தது. நல்லவேளை, சுத்தமாக இருந்தது. அவள் சொன்னது இதுதான்: "வால மட்டும் தொடச்சிக்குங்க சிஸ்டர், சிங்கத்து மேல கை வெக்காதீங்க."

கடுக்காய்

தோல் ஷாப்பில், அதாவது டேனரியில், வேலை செய்யும் ஒருவர் மகளோடு வந்தார். ரெண்டு நாளாகக் குழந்தை பால்கூடக் குடிக்கவில்லை. உதடு இறுகி, வாயைத் திறந்தாலே ரத்தம். ஷாப்பில் தோல் பதப்படுத்த வைத்திருந்த கடுக்காய்த் தூளைக் குழைத்து அப்பியிருக்கிறார்! "இன்னாயா மனுஷன் நீ!" என்று கத்திவிட்டேன். ஆறின பாலை நான் ஸ்பூனில் சொட்டுச் சொட்டாக விட, குழந்தை முழுங்க ஆரம்பித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கோபம் போய்விட்டது. "மாட்டுத் தோலே அதுல தேறிடுது சிஸ்டர். உதடு சின்னதாச்சே, சீக்கிரம் ஆறிடும்னு நெனச்சேன்" என்றார்.

ஜமீலாவின் தம்பி

நாலு வயது ஜமீலாவுக்கு உதட்டில் கொப்புளம். வீட்டில் தம்பி பிறந்து எட்டே நாள். "காய்ஞ்சு விழற வரைக்கும் தம்பிக்கு முத்தம் கூடாது, கிட்டயே போவக் கூடாது" என்று மிரட்டி அனுப்பினேன். அவள் அப்பா டேனரியில் தோல் ரகம் பிரிப்பவர், பொறுப்பாகத் தலையாட்டினார். பாவம் அந்தப் பிள்ளை, வாசப்படியில் நின்றே தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்ததாம்.

பத்தாம் நாள் வந்தார்கள். புண் காய்ந்திருந்தது. "சமத்து" என்று கன்னத்தைத் தட்டினேன். ஜமீலா அப்பாவின் மீசையைக் காட்டி, "அப்பாக்கும் இருக்குது. அவரு மட்டும் தம்பிக்கு டெய்லி முத்தம் குடுக்கறாரு" என்றாள். மீசையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் பொருக்குத் தட்டிய புண்! பச்சைப்பிள்ளையை மிரட்டத் தெரிந்த எனக்குப் பெரியவரின் உதட்டைப் பார்க்கத் தோன்றவில்லையே! "ஆயிரம் தோல்ல ஒரு ஊசி ஓட்டை இருந்தாலும் கண்டுபுடிப்பேனே" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றைக்கே குழந்தையை வரவழைத்து டாக்டரம்மா தலை முதல் கால் வரை பார்த்தார். காய்ச்சல் வருகிறதா, பால் குடிக்கிறதா என்று மூன்று வாரம் தினமும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜெபம் பண்ணாத நாளில்லை. ஒன்றும் வரவில்லை. கடைசியாகக் குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்த அன்று, "இனிமே பயமில்லை" என்று டாக்டரம்மா சொன்னதும் அப்பா ஆசையாகக் குனிந்தார். ஜமீலா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மொதல்ல நானு. அப்புறந்தான் நீங்க."

இத்தனை வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்ற வைத்தியம் ஒன்றுதான்: பிள்ளைக்கு உதட்டில் புண் என்று யார் வந்தாலும், முதலில் கூட வந்தவரின் மீசையைத் தூக்கிப் பார்த்துவிட வேண்டும்.