ஜாக்கியை வைத்தது யார்?

இது பட்டப்பகலில் நடந்தது. நான் குடிக்கிறவன் இல்லை. அன்றைக்குக் காய்ச்சலும் இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் என் ஷெட்டுக்கு வந்து பார்க்கலாம். காரின் அடித்தகடு நசுங்கிய இடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

கார் என்றால், இரண்டு பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். மேற்கூரை கிடையாது. என்னைவிட வயதில் மூத்தது. அதன் சின்ன எஞ்சினைக் கழற்றிவிட்டு, வேறொரு பெரிய காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினை யாரோ திணித்திருந்தார்கள். திணித்த ஆசாமி சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, பலப்படுத்தவில்லை. முன்பக்கம் கனம் தாங்காமல் தொங்கியது. ஜாக்கியில் தூக்கினால் வண்டி நடுவில் வளையும். கதவு இறுகிப்போய்த் திறக்காது. வாங்கிய நாளிலிருந்து எரிச்சல்தான் மிச்சம்.

சேஸிஸுக்கு இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்ய நினைத்தேன். என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கூட இருந்து உதவினான். எங்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. முன் சக்கரங்களுக்கு நடுவே போகும் கனமான குறுக்குச் சட்டத்தில்தான் ஜாக்கி. இடையில் ஒரு மரக்கட்டை. பின்சக்கரங்கள் உருளாதபடி முட்டுக்கட்டை. தூக்கியதும் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு. அதுவரை யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. அடித்தகட்டில் ஜாக்கி வைப்பதென்றால், தகர டப்பாவின் மேல் யானையை நிறுத்துவது மாதிரி.

ஒரு சனிக்கிழமை காலை ஷெட்டைத் திறந்தேன். முந்தைய நாள் தரையில் இறக்கி வைத்த கார், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சுவரோரம் கிடந்த ஜாக்கி, இப்போது டிரைவர் சீட்டுக்குக் கீழே. நேராக அடித்தகட்டில். கட்டை இல்லை. ஸ்டாண்டு இல்லை. தகடு உள்ளங்கை அளவுக்குக் குழிந்திருந்தது.

மச்சானுக்குப் போன் போட்டேன்.

"உனக்கு எத்தன தடவடா சொல்றது? ஜாக்கிய எங்க வச்சிருக்க?"

"நான் நேத்து அந்தப் பக்கமே வரல மாமா."

நான் நம்பவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு வண்டியை இறக்கினேன். ஜாக்கியைச் சுவரோரம் போட்டேன். ஷெட்டைப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து பூட்டைத் திறந்தால்... மறுபடியும் அதே இடத்தில் ஜாக்கி. குழி இன்னும் ஆழமாகியிருந்தது.

மனைவியிடம் கேட்டேன்.

"அந்தத் தகரத்துக்கு நான் ஜாக்கி வேற போடணுமா? வேலையத்துப் போயா இருக்கேன்?" என்றாள்.

எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரோ என்னோடு விளையாடுகிறார்கள் என்றே நினைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் மச்சான் வந்தான். வண்டியை ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு, ஜாக்கியை வீட்டுக்குள் கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்தோம். குறுக்குச் சட்டத்துக்கு அடியில் கட்டை வைத்தேன். ஜாக்கியின் பிடியை அழுத்த ஆரம்பித்தேன்.

முறுக்... முறுக்...

வண்டி மெல்ல எழும்பியது.

"இன்னும் கொஞ்சம்."

காருக்கு அடியிலிருந்து வந்தது குரல்.

"ஸ்டாண்டு வைக்காம ஏண்டா உள்ள போன? வெளிய வா."

"இன்னும்... கொஞ்சம்..."

மூச்சு முட்டும் குரல். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். அவன் வெளியே வர இடம் வேண்டுமே.

முறுக்...

"யாருகிட்ட மாமா பேசுறீங்க?"

திரும்பினேன்.

ஷெட் வாசலில் மச்சான். கையில் தண்ணீர்ச் செம்பு.

பிடியை விட்டேன்.

சர்ர்... சர்ர்...

வண்டிக்கு அடியில், சிமெண்ட் தரையில் துணி உரசும் சத்தம். முதுகைத் தேய்த்தபடி ஒருவர் நகர்ந்து வருவதைப் போல.

மச்சானுக்கும் கேட்டது. செம்பிலிருந்து தண்ணீர் சிந்தியது.

சத்தம் நின்றது.

குனிந்து பார்த்தேன்.

யாருமில்லை.

தூசியில் ஒரு தடம் மட்டும். ஓர் ஆள் அகலம். டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே வரைக்கும்...

அதற்குமேல் தடம் இல்லை.

இரண்டு நாள் கழித்து, காரை எனக்கு விற்ற அச்சகக்காரருக்குப் போன் செய்தேன். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சண்டை போடத்தான் கூப்பிட்டேன். வாய் வேறொன்றைக் கேட்டது.

"இந்த வண்டிக்கு அடியில யாராவது செத்தாங்களா?"



"யாரும் சாகல சார். எஞ்சின் மாத்துனது என் தம்பி. தகட்டுல ஜாக்கி வச்சுட்டு அடியில படுத்துட்டான். தகடு கிழிஞ்சு வண்டி அவன் மேல எறங்கிருச்சு. நான் பதட்டத்துல திரும்பத் திரும்ப அதே தகட்டுலதான் ஜாக்கிய வச்சேன். ஒவ்வொரு தடவையும் உள்ள போயிட்டே இருந்துச்சு. ஆளுங்க வந்துதான் எடுத்தாங்க. அப்புறம்தான் வேற தகடு போட்டேன்."

"இப்ப எப்படி இருக்கார்?"

"உசிரோடதான் இருக்கான். கட்டில்லயே கெடக்கான். பேச்சு இல்ல. வெரல்கூட அசையாது."

எனக்கு மூச்சு வந்தது. செத்துப்போனவன் இல்லை. அப்படியானால் நாங்கள் கேட்டது வேறு ஏதோ சத்தம்...

"சார்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஞாயித்துக்கெழம மத்தியானம் அவனப் பொரட்டிப் போட்டு சட்ட மாத்துனோம். முதுகு பூரா தூசி. கருப்பா ஆயில்."

நான் ஷெட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அவன் அங்க வந்தானா?"