‘பட்’ என்ற சொல்லுக்குப் பின்னால்

ஆங்கிலத்தில் ‘பட்’, அதாவது ‘ஆனால்’, என்ற சொல்லுக்கு முன்னால் வருவதெல்லாம் பொய், பின்னால் வருவது மட்டுமே நிஜம் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். நாற்பதை எட்டிய ஆள் நம்பக்கூடிய சங்கதியா என்று கேட்பீர்கள். ராயபுரத்தில் எங்கள் கிடங்கு ஆபீசில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

எங்கள் வெள்ளைக்காரத் துரை, ஒருவனை வேலையிலிருந்து தூக்குமுன் முதலில் புகழ்வார். நல்லவன், நாணயமானவன், நேரத்துக்கு வருகிறவன். அப்புறம் ஒரு ‘பட்’. ஆள் காலி. அவர் அறைக்கு இடுப்புயரக் கதவுதான் என்பதால் உள்ளே பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். ‘பட்’ விழுந்ததும் எழுந்துவிடுவோம். உள்ளே நிற்பவனின் ஜன்னலோர முக்காலி ஒருவனுக்கு, குடை மாட்டும் ஆணி இன்னொருவனுக்கு. அவன் வெளியே வரும்போது அவனுடைய குடையும் சாப்பாட்டுத் தூக்கும் வாசற்படியில் இருக்கும். திருவொற்றியூர்க்காரர் ஒருவர் அப்படி வந்து நின்று, தன் முக்காலியைத் தேடினார்.

“அதுக்குக் கால் மொளைச்சு ஓடிட்சி சார்” என்றேன்.

ஆபீசே சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார். அந்த முக்காலி எனக்கு வந்தது.

மழைக்காலத்தில் என் முறை. மரக்கட்டைகளைப் பரப்பி அவற்றின்மேல்தான் சர்க்கரை மூட்டைகளை அடுக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் தரையிலேயே இறக்கச் சொல்லிவிட்டேன். தண்ணீர் புகுந்து மூட்டைகள் பாகாகிவிட்டன. எறும்புகள் மட்டும் என்னை வாழ்த்தின. மதியம் வந்து பார்க்கும்படி துரை சொல்லி அனுப்பினார்.

வேலை போனால் கொருக்குப்பேட்டை வீட்டில் அடுப்பு எரியாது. எனவே பயத்தில் புத்தி வேலை செய்தது. கெட்டதை முதலில் சொல்லிவிட்டு நல்லதைப் பின்னால் வைக்க வேண்டும். அதற்கு ‘என்றபோதிலும்’ என்கிற ‘ஆல்தோ’ தோது. அது வாக்கியத்தின் வாசலிலேயே நின்று வருகிற கெடுதலைப் பிடித்துக்கொள்ளும். ‘ஹவெவர்’ சற்றுப் பெரிய மனுஷன். முந்தின வாக்கியம் முடிந்து மூச்சுவிட்ட பிறகே வருவான். ‘ஆல்தோ மூட்டை நனைந்தது, ஐ ஆம் ஹானஸ்ட்’ என்று உருப்போட்டுக்கொண்டிருந்தேன்.

பியூன் பக்கத்தில் வந்தான். “இன்னா நைனா, முணுமுணுத்துகினு கீறே?”

“மந்திரம்.”

“தொரைக்கு மந்திரம் ஏறாது. ஒன் கொடை நல்லா கீது. ‘பட்’டு வந்தா எனக்குக் குட்துடு.”

ஜன்னலோர முக்காலிக்கு அடுத்த உரிமைக்காரரான குமாஸ்தா எழுந்து வந்து அதை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். “ஒரு காலு ஆடுது மாமு. ஆணி அட்ச்சி வச்சிருக்கப்படாதா?”

உள்ளே போனேன். ‘ஆல்தோ’வுக்கு வாய் திறக்குமுன் துரை ஆரம்பித்துவிட்டார். புகழவில்லை. சோம்பேறி என்றார். குருடன் என்றார். கழுதைக்குக்கூட மூட்டையின் அருமை தெரியும் என்றார். எனக்கோ மனம் குளிர்ந்துகொண்டே போயிற்று. ‘பட்’டுக்கு முன்னால் வருவதெல்லாம் பொய்யல்லவா? இவ்வளவு வசவு முன்னால் வந்தால், பின்னால் வரப்போகும் புகழ்ச்சி எவ்வளவு இருக்கும்! சம்பள உயர்வுகூட இருக்கலாம். சிரித்தேன். அவர் முகம் இன்னும் சிவந்தது. நான் இன்னும் சிரித்தேன்.

அவர் பேசி முடித்துவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். மறந்துவிட்டார்போலிருக்கிறது என்று நானே எடுத்துக்கொடுத்தேன். “எஸ் சார்… பட்?”

“நோ பட்” என்று கதவைக் காட்டினார்.

வெளியே என் முக்காலி நகரவில்லை. குடை ஆணியிலேயே தொங்கியது. மேஜைமேல் எனக்கென்று ஒரு டீ ஆவி பறக்கக் காத்திருந்தது. குமாஸ்தா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்.

“தொரையே ‘நோ பட்’டுன்னுட்டாரு. தப்சிக்கினே நைனா” என்றான் பியூன்.

உட்கார்ந்து டீயைக் குடித்தேன். குடையை அவன் கையில் கொடுத்தேன். முக்காலியைத் தூக்கிக் குமாஸ்தாவின் மேஜையருகே வைத்தேன். துரை என்னை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்.