மணி கேட்காத கழிப்பறை

நாடாளுமன்றத்தைக் கட்டியவர்களுக்கு அங்கே பெண்களும் வருவார்கள் என்று கனவில்கூடத் தோன்றவில்லை. ஆண்களுக்குச் சபையை ஒட்டியே கழிப்பறை, உள்ளேயே வாக்கெடுப்பு மணி. கொடுத்துவைத்த மகராசன்கள். பெண்களுக்குப் பிற்பாடு கீழ்த்தளத்தில் சாமான் அறையைக் காலிசெய்து கொடுத்தார்கள். மணிச்சத்தம் அங்கே எட்டாது. மணி ஓய்ந்ததும் சபைக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

என்னோடு துப்புரவு வேலை பார்த்த அக்காதான் அவர்களுக்கு மணி. மேலே அடித்ததும் படியிறங்கி ஓடிவந்து ஒவ்வொரு கதவாகத் தட்டுவாள். "வந்துட்டேன்" என்று பதில் வந்தால்தான் நகர்வாள்.

கடைசி அறையில் பூட்டுத் தொங்கும். முன்பு ஓர் உறுப்பினரம்மா அதற்குள் இருந்தபோது வாக்கெடுப்பு வந்துவிட்டது. ஓடிப்போய், சாத்திய சபைக் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தாராம். அந்த வருடமே இறந்தும்போனார். அதன்பின் பூட்டிய அறைக்குள்ளிருந்தும் "வந்துட்டேன்" என்று வரும். முதல்முறை கேட்டபோது வாளியைப் போட்டுவிட்டுப் படிக்கு ஓடினேன்.

"பயப்படாதடி. பாவம், அவங்க இன்னும் ஓடிட்டுத்தான் இருக்காங்க" என்றாள் அக்கா.

அக்காவின் மகளும் அங்கேதான் ஒப்பந்த வேலை பார்த்தாள், நிறைமாதம். ஒப்பந்தப் பெண்களுக்கும் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு வேண்டுமென்று உறுப்பினரான ஒரு டாக்டரம்மா மசோதா கொண்டுவந்திருந்தார். ஓட்டுக் கணக்கு இழுபறி. பேச்சு நீண்டுகொண்டே போனதில் அவர் அடக்கமாட்டாமல் கீழே வந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

அக்கா ஓடிவந்து, அவர் இருந்த முதல் அறைக் கதவைத் தட்டினாள். உடனே "வந்துட்டேன்" என்று கேட்டது. அது போதுமென்று, கதவைக் கொஞ்சம் பிடித்துவைக்கும்படி காவலரைக் கெஞ்ச மேலே ஓடினாள். அவர் கேட்கவில்லை, சாத்திவிட்டார். டாக்டரம்மா ஈரக்கையோடு வந்து நின்றபோது எல்லாம் முடிந்திருந்தது.

"நீங்க பதில் சொன்னீங்களேம்மா?"

"நான் வாயே திறக்கலையே. குழாய்ச் சத்தத்துல நீங்க தட்டினதுகூடக் கேக்கல."

அக்கா கீழே இறங்கும் படியைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டிய அறை அதுவரை ஒருநாளும் முந்திக்கொண்டு பதில் சொன்னதில்லை.

ஓட்டு சரிக்குச் சரி விழுந்தது; ஒரே ஓட்டுக் குறைவால் மசோதா தோற்றது. கதவு திறந்து ஆண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். பெரியவர் ஒருவர் டாக்டரம்மாவிடம், "முக்கியமான நேரத்துல எங்கம்மா போயிட்டீங்க?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் மிதித்துப்போன தரையை மகள் துடைக்கத் தொடங்கினாள், ஒரு கை வயிற்றில். அக்கா துடைப்பானைப் பிடுங்கி, வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

"குடும்மா. போனா நாளைக்கே வேற ஆளச் சேத்துருவாங்க" என்று மகள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.