ஜெபஷீலா வீட்டு மரத்தின் குருத்து

அல்லிநகரத்தில் பயப்படுவதற்கென்றே யாரையாவது சம்பளம் கொடுத்து வைப்பதாக இருந்தால் அந்த வேலை ஜெபஷீலாவுக்குத்தான் கிடைக்கும். பால் பொங்கினால் பயம். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் மகிமா போன் எடுக்காவிட்டால் பயம். ரோஜாச் செடியில் ஓர் இலை சுருண்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்டவள் போய்த் தேனி வெயிலில் மலை மரம் வளர்க்க ஆசைப்பட்டாள் பாருங்கள், அதை என்னவென்று சொல்ல!

மகிமா பள்ளிக்கூடம் படித்த காலத்தில் கொடைக்கானலுக்குப் போனபோது ஒரு நர்சரியில் வாங்கிய கிறிஸ்மஸ் மரக் கன்று அது. சாண் உயரம்தான் இருந்தது. மலை இறங்கும்போது பஸ்ஸில் ஆளாளுக்கு வாந்தியெடுக்க, இவள் கன்றை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். கீழே கொண்டுவந்தால் ஒரு மாதம் தாங்காது என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள். சித்திரையில் பச்சை வலை கட்டினாள். ஈரச் சாக்கைச் சுற்றினாள். ஆடிக் காற்று கம்பம் ஊர்ப் பக்கமிருந்து புடைத்துக்கொண்டு வந்தபோது இரும்புக் குழாயை ஊன்றி, பழைய சேலையைக் கிழித்துக் கட்டினாள். பிறகு வாங்கிய மலைச் செடிகளான துஜாவும் மஞ்சள் சைப்ரஸும் ஒவ்வொரு கோடையிலும் கருகுவதும் பிழைப்பதுமாகக் கிடக்க, இது மட்டும் அடுக்கடுக்காகக் கிளை விட்டு மொட்டைமாடியைத் தாண்டிவிட்டது.

ரோஜாக்களின் கதை வேறு. கணவர் செல்வினுக்குத் தேனி பஜாரில் பெயிண்ட் கடை. கடையில் காலியாகும் வாளியெல்லாம் இவளுக்குப் பூந்தொட்டி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கைப்பையில் ஓர் ஈரக் கைக்குட்டை இருக்கும். வாசலில் நல்ல ரோஜா நின்றால், கேட்டு, நட்டு வளர்க்க ஒரு குச்சி ஒடித்து அதில் சுற்றிக்கொள்வாள். கேட்க ஆளில்லையென்றால் கேட்காமலே ஒடிப்பாள். சாமி கும்பிடுகிற பெண்ணுக்கு இது ஒன்றுதான் திருட்டு.

வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்குச் சர்ச்சில் சவுக்கு மரம்தான் வைப்பார்கள். இந்த வருஷம் சர்ச்சைப் புதுப்பித்திருந்ததால் கமிட்டிக்கு ஆசை கூடிவிட்டது. கூட்டத்தில் மளிகைக் கடைக்காரர் ஒருவர், மதுரையிலிருந்து பிளாஸ்டிக் மரம் வாங்கித் தருவதாக எழுந்து சொன்னார். செல்வினுக்குப் பொறுக்கவில்லை.

"பிளாஸ்டிக் எதுக்கு? எங்க வீட்டு மரத்தோட தலையை அப்பிடியே வெட்டித் தாரேன். கர்த்தருக்குன்னு சொல்லிட்டேன்!"

ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் இதை அறிவித்தார். சபையே கை தட்டியது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஜெபஷீலாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். பகீரென்றது.

தலையை வெட்டினால் அந்த மரம் சாகாது. ஆனால் நடுக்குருத்து போய்விட்டால் பக்கத்தில் கோணல்மாணலாக இரண்டு தளிர் வருமே தவிர, பழையபடி நேராக எழும்பாது. காலம் பூராவும் மொட்டையாகத்தான் நிற்கும்.

"என்னங்க, என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"கோயிலுக்குத்தானே குடுக்குறோம்? ஒனக்குக் கசக்குதா?"

கசக்கிறது என்றால் கர்த்தரை எதிர்த்தமாதிரி. மகிமாவுக்கு வேறு ஏழாம் மாதம். ஆண்டவருக்கென்று சொன்னதைப் பிடித்துவைத்துக்கொண்டால் அது பிள்ளை தலையில் வந்து விடியுமோ என்று பயந்தாள். துணி துவைக்கும்போது மேலே பார்ப்பாள். குருத்து இளம்பச்சையாகக் காற்றில் ஆடும். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள்.

பாஸ்டர் வீட்டில் சொல்லிப் பார்க்கலாமென்று ஒரு கட்டு ரோஜாவோடு போனாள். பாஸ்டரின் மனைவி ஞானபாக்கியம் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெபா, பிள்ளை மாதிரி வளத்த மரத்தைத் தாரியே, இந்த மனசு யாருக்கு வரும்!"

தலையில் கைவைத்து ஜெபமும் பண்ணி அனுப்பிவிட்டார். போன வாய் திறக்காமலே திரும்பி வந்தது. வருகிற வழியெல்லாம் அழுதாள்.

கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை காலையில் வாலிபர் சங்கத் தலைவன் ஜோஷ்வா நாலைந்து பேரோடு குட்டியானை வண்டியில் வந்து இறங்கினான். கயிறு, ரம்பம், ஏணி எல்லாம் இருந்தன. செல்வினுக்குப் பெருமை பிடிபடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நானே வெட்டுறேன், நீங்க ஏணியப் பிடிங்கப்பா" என்று ரம்பத்தோடு ஏறினார். ஜெபஷீலா துஜாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொடுத்துவிடுவோம் என்றுதான் மனசைக் கல்லாக்கி வைத்திருந்தாள்.

உச்சிக்குப் போன செல்வின் ஒரு கையால் குருத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்.

"ஏ புள்ள, எங்கன வெட்டணும்? இங்கனயா, இன்னும் கீழயா?"

அவ்வளவுதான். துஜாவை விட்டுவிட்டு ஏணியடிக்கு ஓடினாள்.

"அதைப் பிடிக்காதீக!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஏணி பிடித்தவர்கள் திகைத்துப் பார்த்தார்கள்.

"அது பச்சக் குருத்து, கையை எடுங்க! எங்கன வெட்டணும்னுகூட உங்களுக்குத் தெரியல. அப்பறம் எந்த வாயால எங்க மரம்னு சொன்னீக? ஒரு செம்பு தண்ணி ஊத்தியிருப்பீகளா? இறங்குங்க!"

"சபையில சொல்லிட்டேனே, நான் எப்பிடி அவுக மூஞ்சில முழிப்பேன்?"

"என்னையக் கேக்காமச் சொல்லிட்டு என் மூஞ்சில முழிச்சீகள்ல, அதே மாதிரி முழிங்க!"

ஜோஷ்வா தலையைச் சொறிந்தான். "ஆன்ட்டி, அப்ப சர்ச்சுக்கு?"

மகிமாவின் வயிறு அவள் கண்முன் வந்து நின்றது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்கவில்லை.

"கோயிலுக்கு நான் தாரேன். அவுக நேந்தது அவுகளோட. இது என் கையால தாரது. அந்த ரோஜா வாளி அம்புட்டையும் வண்டியில ஏத்துங்க. பன்னீர் ரோஜாவப் பாத்துத் தூக்கணும், ஒடிஞ்சிரும்."

செல்வின் இறங்கி வந்தார். ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, முதல் வாளியைத் தானே தூக்கினார்.

கிறிஸ்மஸ் அன்றைக்குப் பழையபடி சவுக்கு மரம்தான் நின்றது. அதைச் சுற்றிலும் பெயிண்ட் வாளிகளில் ரோஜாக்கள் பூத்துக் குலுங்கின. ஜெபஷீலாவுக்குப் பாட்டிலும் மனசில்லை, பிரசங்கத்திலும் மனசில்லை. தண்டனை எந்தப் பக்கமிருந்து வருமோ என்று மகிமாவுக்குக் காலையிலிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தாள். "எம்மா, நானும் நல்லாருக்கேன், வயித்துல உள்ளதும் நல்லாருக்கு, போனை வைம்மா!" என்று மகள் அலுத்துக்கொண்டதற்குப் பிறகும் நெஞ்சு அடங்கவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அந்த மளிகைக் கடைக்காரர் உரக்கவே கேட்டார்: "என்ன செல்வின், அடுத்த வருஷமாச்சும் அந்த மரம் வருமா, இல்ல சும்மா சொல்றதுதானா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வின் முகம் சிவந்தது. பெண்கள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"மரம் அவளோடது. நான் கேக்காமச் சொன்னது தப்பு. வேணும்னா அவளைக் கேளுங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஜெபஷீலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அவர் நாலு பேர் முன்னால் சொன்னதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவளுக்கு மறுபடியும் பகீரென்றது. பன்னீர் ரோஜா வாளிக்குப் பக்கத்தில் யாரோ ஓர் அம்மாள் குனிந்து, கைப்பையிலிருந்து ஈரக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டிருந்தார்.