அம்மன் முன்னால் விரித்த தாள்

பெயர்தான் போர்ட்டபிள். தூக்க இரண்டு ஆள் வேண்டும். சாம்பல் நிற இரும்புப் பெட்டி, தலையில் ஒரு தோல் கைப்பிடி. அந்தக் கைப்பிடியை நம்பித் தனியாகத் தூக்கியவர் யாரும் இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் நிமிர்ந்ததில்லை. அதன் நெற்றியில் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, குமிழ்களைச் சுற்றிச் செவ்வந்திச் சரம் போட்டு, மைசூர் ஹெப்பாளில் நான் வேலை பார்த்த ஃபவுண்டரிக் கூடத்தில் சாமுண்டேசுவரி படத்துக்குக் கீழே உட்கார்த்தி வைத்திருந்த கோலம்தான் இன்றைக்கும் முதலில் கண்ணுக்கு வருகிறது. அன்று ஆயுத பூஜை. நான் வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. இரும்பை உருக்கி வார்க்கும் அந்த இடத்தில் புடவை கட்டிய ஒரே இன்ஜினியர். கர்வத்துக்குக் கேட்கவா வேண்டும்?

ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீசில் இங்கிலீஷ், மூன்றிலும் நீ அரைகுறை என்பார் அப்பா. ஃபேக்டரியில் என்னோடு தமிழில் பேசியவர் எலெக்ட்ரிகல் ஃபோர்மேன் ஒருவர்தான். கொள்ளேகால்காரர். அந்தப் பக்கத்துத் தமிழில் கோயம்புத்தூர் வாடை அடிக்கும். அடக்க ஒடுக்கமான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். வாய் நீளம். சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கிறதோ இல்லையோ, சீப்பு இருக்கும். தான் ஒரு நாள் லீவு போட்டால் ஹெப்பாளே இருண்டுவிடும் என்பார். அதில் பாதி பொய், மீதி பாதி கொஞ்சம் மிகை. மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பார். மனசு குளிர்ந்திருந்தால் அம்மிணி.

அந்த வருஷம் எங்கள் மின்சார உலை சொல்லாமல் கொள்ளாமல் நிற்க ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருக்கும், பட்டென்று அணைந்துவிடும். ஒரு தடவை உருகிய இரும்பு முழுதும் உலைக்குள்ளேயே உறைந்து, அதை உடைத்தெடுப்பதற்குள் உள்பூச்சே பெயர்ந்துவிட்டது. பெரிய நஷ்டம். வெளியிலிருந்து வரும் லைனில்தான் கோளாறு என்றார் ஃபோர்மேன். பராமரிப்பு ஒழுங்காக இல்லை, பழியைக் கரண்டு மேல் போடுகிறார் என்றார்கள் மேலே இருந்தவர்கள். இத்தனை நாள் அவருடைய ஜம்பத்தைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு அது நல்ல சந்தர்ப்பம். தசரா விடுமுறை முடிந்ததும் விசாரணை, தப்பு அவருடையது என்றால் ஃபோர்மேன் பதவி போய்விடும் என்று முடிவாயிற்று.

அப்போதுதான் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து இந்தப் பெட்டியை இரவல் வாங்கினோம். மின்சார அலையை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஏதாவது இசகுபிசகாக நடந்தால் அந்தக் கணத்தை, அதற்குச் சற்று முன்னும் பின்னும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொண்டு, தாளில் கோடாக இழுத்துத் தரும். அதைப் பொருத்துவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஒரு ஜோடி வயர் வோல்டேஜுக்கு, இன்னொன்று உலை இழுக்கும் கரண்டுக்கு. எர்த்தை மாற்றிக் கொடுத்தால் அலைக்குப் பதிலாகப் புல் முளைத்தது போலக் கோடு கோடாக வரும். எவ்வளவு வோல்டேஜ் இறங்கினால் விழித்துக்கொள்ள வேண்டும் என்று குமிழைத் திருகி வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் கிரேன் ஓடினால்கூடத் தாளைத் துப்பும், கூட்டி வைத்தால் தூங்கிப்போகும். ஃபோர்மேன் பக்கத்தில் நின்று, இதை விட நல்ல மிஷினைத் தான் பார்த்திருப்பதாகக் கதை அளந்துகொண்டே வயர் எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாள் வெளிச்சம் பட்டால்தான் கோட்டைக் காட்டும் ஜாதி. மங்கின டியூப்லைட்டில் காட்டினால் ஊதாக் கோடு மெல்ல மேலே வரும். பிறகு கறுப்பு உறைக்குள் போட்டுவிட வேண்டும். வெயில் பட்டால் தாள் முழுவதும் ஊதாவாகிக் கோடு காணாமல் போய்விடும். இதெல்லாம் அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதியம், மழை தூறிக்கொண்டிருந்தபோது, உலை நின்றது. பெட்டி கர்ரென்று தாளை இழுத்தது. நானும் அவரும் பேனல் அறையின் கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் குனிந்தோம். கோடு தெளிந்து வந்தது. உள்ளே கோளாறென்றால் கரண்டு முதலில் எகிற வேண்டும், அப்புறம்தான் வோல்டேஜ் சாயும். இங்கே கரண்டு தேமே என்று இருக்க, வோல்டேஜ் முதலில் படுத்திருந்தது. வெளியேயிருந்து வந்த அடி, சந்தேகமே இல்லை. அவருக்குப் புரிகிற மாதிரி விரலால் தொட்டுச் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். "அப்போ எம்மேல தப்பில்லைங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சீப்பை எடுத்து வெகுநேரம் தலை வாரிக்கொண்டார்.

கோட்டை டிரேசிங் தாளில் மசியால் படியெடுத்து வைத்திருக்க வேண்டும். விடுமுறை முடிந்து வந்து நிதானமாகச் செய்யலாம் என்று விட்டேன். மறுநாள் பூஜை. மெஷின்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஸ்பானரிலிருந்து வெல்டிங் கண்ணாடி வரை எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தாயிற்று. பெட்டியையும் இரண்டு பேர் சுமந்து வந்து அம்மன் முன்னால் வைத்தார்கள். விஷயத்தை அவர் அதற்குள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஃபோர்மேனைக் காப்பாற்றின தாள் எங்கே, அதையும் வையுங்கள் மேடம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். உறையோடு கொண்டுபோய் வைத்தேன். மோல்டிங் பிரிவுக்காரர் ஒருவர், மூடி வைத்தால் தாயிக்கு எப்படித் தெரியும் என்று கன்னடத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் வேலையைச் சாமிக்கு முன்னால் வைக்கச் சொல்கிறார்களே என்று தலைகால் புரியவில்லை. உறையிலிருந்து எடுத்து, பெட்டியின் மேல் நானே விரித்து, நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி கடலைப் பொட்டலத்தோடு கூடத்தைப் பூட்டிவிட்டுப் போனோம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. மறுநாளோ விஜயதசமி, மைசூரே ஜம்பூ சவாரி யானை ஊர்வலம் பார்க்கத் தெருவில் நிற்கும். நானும் நின்றேன். யானை அசைந்து வந்தபோதும் தாள் ஞாபகம் வரவில்லை.

கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்த கண்ணாடித் தகடு சரியாக அம்மன் படத்துக்கு மேலேதான். விடுமுறை முடிந்து கூடத்தைத் திறந்தபோது தாள் கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது. எலுமிச்சம்பழம் இருந்த நாலு வட்டம் மட்டும் வெளுப்பு. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பூஜைக்காகப் பெட்டியைக் கரண்டிலிருந்து கழற்றியதில் அது பிடித்து வைத்திருந்த ஞாபகமும் அழிந்திருந்தது. அன்று காலையே அதைத் திருப்பி எடுத்துப்போக வண்டி வந்து நின்றது. விசாரணை அறை வாசலில் ஃபோர்மேனிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "பேப்பர் போனாப் போவுது. கண்ணால பாத்ததைச் சொல்லிப்போடுங்க அம்மிணி."

தாளைக் கெடுத்தது நான்தான் என்று உள்ளே போனதும் சொல்லிவிட்டேன். அதில் நான் எதையும் மறைக்கவில்லை. ஜெனரல் மேனேஜர் கோபிப்பார் என்று பார்த்தால் சிரித்தார். அடுத்த வருஷம் முதலில் இன்ஜினியரம்மாவுக்குக் கற்பூரம் காட்டுங்கள் என்றார். மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் பற்றி எரிந்தது. உலை கெட்டதற்கு ஒருவர் பதவி போகப்போகிறது, சாட்சியைக் கெடுத்த எனக்கு ஒரு கேலியோடு சரி. அது அப்போது உறைக்கவில்லை. இவர்கள் முன்னால் நான் விவரம் தெரியாத பெண்ணாகிவிட்டேனே என்பதுதான் உறைத்தது. பிறகு அவர் கேட்டார், சரி, நீங்கள் என்ன பார்த்தீர்கள்? நான் நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல இங்கிலீஷில், பதிவு இல்லாத நிலையில் உறுதியாக எதுவும் சொல்ல இயலாது, வெளிக் கோளாறாகவும் இருக்கக்கூடும் என்றேன். பேஷ், பொறுப்பான பதில் என்று தலையாட்டினார்கள். ஃபோர்மேனுக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. ஆனால் தலையாட்டுவது எந்த பாஷையிலும் ஒன்றுதானே. அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவரை வெறும் எலெக்ட்ரீஷியனாக இறக்கினார்கள். மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் கொள்ளேகாலுக்குப் போய் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டார். இத்தனைக்கும் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. இன்று அதே வேலையை உள்ளங்கை அகலப் பெட்டி செய்கிறது. வெயிலிலும் மழையிலும் கிடந்தாலும் பிடித்ததை விடாது. டேட்டா இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது, இல்லையா மேடம் என்று புதிதாக வேலைக்கு வரும் சின்னப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும்போது ஆமாம் என்றுதான் சொல்கிறேன். சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

சில வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பியிருந்தார். போகாமல் இருக்க எத்தனையோ சாக்கு யோசித்துவிட்டு, கடைசியில் பஸ் ஏறினேன். மண்டபத்தில் என்னைப் பார்த்ததும் ஓட்டமாக வந்தார். தலை நரைத்திருந்தது, சீப்பு அப்படியே இருந்தது. என்னை உட்காரக்கூட விடாமல் நேராக மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் அழைத்துப் போனார். ஹனூர்ப் பக்கத்து விவசாயி. முகம் சரியில்லை. உலையைக் கெடுத்ததற்காகத் துரத்தப்பட்டவர் வீட்டில் பெண் எடுக்கிறாய் என்று முந்தின நாள் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். "நாஞ் சொன்னா நம்ப மாட்டீங்க. மிஷின் வெச்சுப் பாத்த மேடம் இவங்கதான், கேட்டுக்குங்க," என்றார் ஃபோர்மேன். சொந்தபந்தமெல்லாம் என் பக்கம் திரும்பியது.

"தப்பு இவருது இல்லைங்க. வெளியே இருந்து வந்த லைன்ல கோளாறு. நான் கண்ணால பார்த்தேன்," என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது. பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாள் எங்கே என்று கேட்கவில்லை. "படிச்சவங்க நீங்களே சொல்றீங்க, அப்புறமென்னுங்க," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கூட்டமும் அவரோடு பந்திக்கு நகர்ந்தது.

நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். ஃபோர்மேன் என்னைப் பார்க்காமல், காலியான நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டே சொன்னார்.

"இவ்வளவுதானுங்க அம்மிணி. அன்னைக்கும் இவ்வளவுதான்."

வாசலில் யாரோ புது விருந்தாளி வந்தார்கள். கைகூப்பிக்கொண்டு அவர்களை வரவேற்கப் போய்விட்டார்.