சுவரில் ஒரு கரி வட்டம்

அக்கா வீட்டு மதில் சுவரில் ஒரு கரி வட்டம் விழுந்திருந்தது. ஆயுத பூஜைக்காக வெள்ளையடித்த சுவர். அத்தான் காரை எப்போதும் பின்பக்கமாகத்தான் உள்ளே விடுவார். புகைக்குழாய் சுவரைப் பார்த்து நிற்கும். பூஜைக்கு மறுநாள் காலை வண்டியைக் கிளப்பியபோது முதல் கறை விழுந்தது. நான் கோட்டுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்த அன்று அது முறத்தளவு விரிந்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பாலிடெக்னிக்கில் இயந்திரப் படிப்பு முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போட்டுப் போட்டுச் சலித்திருந்தேன். வீட்டில் உட்கார முடியாது எனக்கு. அத்தான் காரை விற்கப்போகிறார், பார்க்கிறதுக்கு நாகூரிலிருந்து தரகர் மத்தியானம் வருகிறார் என்று காலையில் சேதி வந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

அத்தானுக்கு அந்த ஒரு கார்தான் பிழைப்பு. காரைக்காலில் வாடகைக்கு ஓட்டினார். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, பட்டினச்சேரியிலிருந்து மீன் வியாபாரிகள் என்று நாள் முழுக்க ஓடும். பூஜைக்கு மறுநாளிலிருந்து அது கன்னங்கரேலென்று புகைத்தது, பெட்ரோலாகக் குடித்தது, நொண்டிக் குதிரை மாதிரி விட்டு விட்டு ஓடியது. மெக்கானிக் ஒருவர் ஓசையை மட்டும் கேட்டுவிட்டு, "போர் போயிருக்கும், சிலிண்டர் தேஞ்சிருக்கும், எஞ்சினை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார். அத்தான் மனம் விட்டுப்போனது அதனால் இல்லை. பூஜை போட்ட மறுநாளே இப்படி ஆனதால்.

"சாமி கும்பிட்டு, பூசணிக்கா ஒடச்சி, எலுமிச்சம்பழம் வச்சி நசுக்கினேன் மாப்ள. மறுநாளே படுத்துக்கிச்சுன்னா என்னா அர்த்தம்? இது நம்மகிட்ட தங்காதுன்னு அர்த்தம்."

"கரும்புகை வந்தா பெட்ரோல் அதிகமா எரியுதுன்னு அர்த்தம் அத்தான். போர் போனா நீலப் புகைதான் வரும்."

"புகைக்குக் கலர் பாக்கத்தான் மூணு வருசம் படிச்சியா?"

அக்கா சமையலறை வாசலில் நின்று சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி போனால் அத்தான் வேறு யார் வண்டியையாவது ஓட்ட வேண்டும், அல்லது சென்னைக்குப் போக வேண்டும். சென்னைப் பேச்சு அந்த வீட்டில் இரண்டு நாளாக நடந்துகொண்டிருந்தது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"தரகர் பாய் வர்றதுக்குள்ள பாத்துக்க" என்றார் அத்தான். "வந்துட்டாருன்னா கைய எடுத்துடணும்."

முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். நுனி முழுக்க மெத்தென்று கரி, விளக்கில் பிடித்த மை மாதிரி. விரலால் தொட்டு அத்தான் மூக்குக்கு நேரே காட்டினேன். எஞ்சினுக்குள் போகும் பெட்ரோலும் காற்றும் ஓர் அளவில் சேர வேண்டும். கரி கட்டினால் இரண்டில் ஒன்று: பெட்ரோல் கூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் காற்று குறைந்திருக்க வேண்டும்.

"ஏர் கிளீனரைப் பாத்தீங்களா?"

"அதை ஏன் கேக்குற? பூஜைக்குத்தானே கழுவி, புது எண்ணெ ஊத்தி வச்சது. வண்டியிலேயே சுத்தமா இருக்கறது அது ஒண்ணுதான்."

அப்படியானால் காற்றில் கோளாறில்லை. மிச்சம் பெட்ரோல். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்பரேட்டரைப் பிரித்துப் பார்க்க எத்தனை நாள் ஆசை!

ஏர் கிளீனர் என்பது கார்பரேட்டரின் வாய்மேல் உட்கார்ந்திருக்கும் தகரக் குடுவை. அடியில் எண்ணெய் நிற்கும். உள்ளே வரும் காற்றில் இருக்கிற மண்ணை அந்த எண்ணெய் பிடித்துக்கொள்ளும். கடலோரம் ஓடுகிற வண்டிக்கு அது இல்லாமல் முடியாது. கார்பரேட்டரை எட்டுவதற்காக அதைக் கழற்றித் தூக்கும்போது எண்ணெய் தளும்பி என் சட்டையில் கொட்டியது. சனியனே என்று ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. புரட்டாசிக் கடைசி. அக்கா ஒரு சாக்கை எடுத்து வந்து பானெட்டின் மேல் போட்டுவிட்டுப் போனாள்.

கார்பரேட்டருக்குள் ஒரு சின்ன மிதவை இருக்கும். பெட்ரோல் ஏற ஏற அதுவும் ஏறிப் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். மிதவையில் ஊசித் துளை விழுந்தால் உள்ளே பெட்ரோல் புகுந்து அமிழ்ந்துவிடும், வழி அடைபடாது. அதுதான் என்று எனக்கு நிச்சயம். எடுத்துக் காதருகே குலுக்கினேன். சத்தமில்லை. அக்காவிடம் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வாங்கி அதில் முக்கினேன். துளை இருந்தால் குமிழி வரும். மூன்று பேரும் பாத்திரத்துக்குள் குனிந்து பார்த்தோம்.

"முத்து முத்தா குமிழி வரும்னியே?" என்றார் அத்தான்.

ஒரு குமிழிகூட வரவில்லை. வழியை அடைக்கும் ஊசியை வாயால் ஊதிப் பார்த்தேன். நன்றாகவே அடைத்தது. எனக்கு வியர்த்தது. கடைசியில் சோக் கம்பி கொஞ்சம் தளர்ந்திருப்பதைக் கண்டேன். குளிரில் கிளப்பும்போது காற்றை மறிக்கிற தகட்டை இழுக்கும் கம்பி அது. முடுக்கினேன், துடைத்தேன், பிளக்கையும் கார்பரேட்டரையும் திரும்ப மாட்டினேன்.

"கிளப்புங்க அத்தான்."

கிளப்பினார். தையல் மிஷின் மாதிரி ஓடியது. நான் பின்னால் ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தேன். புகையே இல்லை! அத்தான் வண்டிக்குள் இருந்தபடியே ஹாரனை அடித்தார். அக்கா ஓடி வந்தாள்.

"பாத்தியாடி உன் தம்பிய! பெட்ரோல் நம்ம ஊர்ல வரி கம்மி, மலிவுதான், அதுக்காக ரோட்டுல ஊத்திக்கிட்டா போறதுன்னு கேட்டேன்ல? நிப்பாட்டிட்டான் பாரு!"

அத்தான் எஞ்சினை அணைத்தார். தூறல் விழத் தொடங்கியது. ஏர் கிளீனரை எடுத்து மாட்டி இறுக்கினேன். அந்த நேரம் பார்த்துத் தெருவில் குடையோடு தரகர் வந்தார். பருத்த, நிதானமான ஆள்.

"வாங்க பாய். வண்டி சரியாப் போச்சு. பாருங்க, கேளுங்க சத்தத்த" என்று அத்தான் மறுபடி சாவியைத் திருப்பினார்.

குபுக்கென்று கரும்புகை. சுவரின் வட்டத்தில் மேலும் ஒரு பூச்சு. எஞ்சின் இருமியது, நொண்டியது, நின்றது.

தரகர் குடையை மடக்கி உதறினார்.

"சத்தத்த கேட்டேன்" என்றார்.

அத்தான் இறங்கிக் கதவைச் சாத்தினார். மெதுவாகச் சாத்தினார், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "போதும் மாப்ள. கைய எடுத்துடு."

"அத்தான், இப்பதானே நல்லா ஓடிச்சு…"

"தம்பி" என்றார் தரகர், "சாகப்போற ஆளு ஒரு நாள் எந்திரிச்சி உக்காந்து காப்பி கேப்பாரு. அது மாதிரிதான் இது. விடுங்க. உள்ள போயிப் பேசுவோம்."

அவர்கள் வாசற்படி ஏறினார்கள். அக்கா அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பானெட்டைப் பிடித்தபடி யோசித்தேன். நல்லா ஓடியதற்கும் நின்றதற்கும் நடுவில் என்ன செய்தேன்? கம்பியைத் தொடவில்லை. கார்பரேட்டரைத் தொடவில்லை. சட்டையில் எண்ணெய் நாற்றம் அடித்தது. மாட்டினது ஒன்றே ஒன்று.

"அத்தான்! ஒரே ஒரு தடவை. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

அவர் திரும்பி வந்தது எனக்காக இல்லை, அக்கா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்று நினைக்கிறேன். நான் ஏர் கிளீனரைக் கழற்றிக் கீழே வைத்தேன். கிளப்பினார். தையல் மிஷின். கார்பரேட்டரின் வாயை உள்ளங்கையால் முக்கால்வாசி பொத்தினேன். பின்னால் கரும்புகை. கையை எடுத்தேன், புகை நின்றது. மறுபடி பொத்தினேன். புகை. தரகர்கூடப் படியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

"பெட்ரோல் கூடல அத்தான். காத்துதான் போகல."

குடுவையின் மூடியைத் திறந்தேன். சட்டையில் கொட்டியது போகவும் கிட்டத்தட்ட விளிம்புவரை எண்ணெய். உள்பக்கத் தகரத்தில் இவ்வளவுதான் என்று ஒரு கோடு இருக்கும். அது எங்கேயோ ஆழத்தில் முங்கிக் கிடந்தது. மேலே காற்று வர வேண்டிய கம்பி வலை சொட்டச் சொட்ட நனைந்து அடைத்திருந்தது.

"யாரு இவ்ளோ ஊத்துனது?" என்று கேட்ட பிறகுதான், கேட்டிருக்கக் கூடாதோ என்று பட்டது.

"நாந்தான்" என்றாள் அக்கா. "இவங்க சக்கரம் கழுவிக்கிட்டிருந்தாங்க. எண்ணெய ஊத்தி மூடி வைன்னாங்க. கோடுவரைக்கும் ஊத்துனா அடியில கொஞ்சூண்டுதான் நின்னுச்சு. பூஜை அன்னைக்கு எண்ணெய கொறையா வைக்கலாமா? வெளக்குன்னா தளும்பத் தளும்பத்தானே ஊத்துவோம்…"

மழை வலுத்தது. அத்தான் குடுவைக்குள் பார்த்துக்கொண்டே நின்றார். ஓங்கிவிடுவாரோ என்று நான் அவர் கையைப் பார்த்தேன். அந்த வீட்டில் இரண்டு நாளாகப் பட்டதெல்லாம் அந்தக் கைக்குள் இருந்தது. அவர் குனிந்து குடுவையை எடுத்து, அக்கா கையில் கொடுத்தார்.

"பழைய டின்னு ஒண்ணு எடுத்தா. வலையப் பெட்ரோல் விட்டுக் கழுவணும். கோடு தெரியிறமட்டும் எண்ணெய எறக்கு. நீயே எறக்கு, நான் பாக்குறேன்." அப்புறம் தரகர் பக்கம் திரும்பினார். "பாய், கோவிச்சுக்காதீங்க. வண்டி குடுக்கல."

"நல்லா இருக்குங்க! எண்ணெ கூடிப்போச்சுன்னு சொல்லத்தான் என்னைய மழையில வரவச்சீங்களா?"

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே" என்றாள் அக்கா, டின்னோடு வந்தபடி. "புரட்டாசி, மீனு கெடையாது. சாம்பாரு, உருளக்கெழங்கு."

"அதுவும் இல்லையா?" என்றார் தரகர். ஆனால் செருப்பைக் கழற்றினார்.

சாப்பிட்டதும் அவரைப் பஸ் நிறுத்தத்தில் விட அத்தான் அந்தக் காரிலேயே கூட்டிப்போனார். நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். தரகர் பின் சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, வழி முழுக்கப் பின்கண்ணாடியைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். பஸ் வந்து நின்ற பிறகும் இறங்காமல், இன்னும் ஒரு தடவை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார்.