ஆறாம் திருவிழாவின் ஏழாவது மடைப்பெட்டி

எங்கள் கோயிலின் ஆறாம் திருவிழா என் தாயின் குடிக்கு உரியது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள இந்தச் சிறு பட்டணத்தில் பத்து நாள் திருவிழாவையும் குடிகள் தங்களுக்குள் பங்கிட்டு வைத்திருக்கின்றன. குடி தாய்வழி வருவது. அக்காவின் பிள்ளைகள் எங்கள் குடி. என் பிள்ளை அல்ல. என் மனைவி யாழ்ப்பாணத்தவள். அங்கே இந்த ஏற்பாடு இல்லாததால் என் மகளுக்குக் குடியே இல்லை. இதைக் கொழும்பில் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். சென்ற ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

நானும் மகளும் கொழும்பிலிருந்து வந்து இறங்கியது ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஆறு இருபதுக்கு. அவளுக்குப் பதின்மூன்று வயது. இம்முறை அவளும் மடைப்பெட்டி சுமக்கட்டும் என்று அக்காதான் தொடங்கினாள். அரிசி, பழம், தேங்காய், வெற்றிலை வைத்து வெள்ளைத் துணியால் மூடிய ஓலைப்பெட்டி அது. ஏழு பெண்பிள்ளைகள் அதைத் தலையில் சுமந்து, பறைமேளம் முன்னே போக, அக்கா வீட்டிலிருந்து கோயில்வரை ஊர்வலமாக நடப்பார்கள். கையால் பிடிக்கக்கூடாது.

ஒன்பது மாலைகள் பழகினாள். முதல் நாள் மதகடியில் இரண்டு தடவை பெட்டி விழுந்தது. ஐந்தாம் நாளிலிருந்து விழவே இல்லை. குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அக்காவின் மகள் வேலியோரம் நின்று பகிடி பண்ணினாள்.

“என்ன கா கொழும்புக்காரி, கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டுறாய்? பெட்டி விழுந்தா மறுகா கோழிக்குத்தான் படையல்!”

“விழுந்தா நீங்களும் கோழியோட இருந்து சாப்பிடுங்க மச்சாள்,” என்றாள் என் மகள், தலையை அசைக்காமல்.

ஆறாம் திருவிழாவன்று மாலை நாலு பத்துக்கு ஏழு பேரும் அக்கா வீட்டு வாசற்படலையடியில் வரிசையில் நின்றார்கள். மகள் கடைசி. எங்கள் குடியின் சார்பில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் மேளகாரருடன் வந்தார். அம்மாவுக்குத் தம்பி முறை, எனக்கு மாமா. வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் கடைசியில் நின்றார்.

“இந்தப் புள்ள ஆர்?”

“என்ட மகள், மாமா.”

“அது தெரியும் மருமகன். ஆர்ட குடி எண்டு கேக்கிறன்.”

அக்கா முன்னுக்கு வந்தாள். “ஒம்பது நாளாப் பழகின புள்ள மாமா. நம்மட வீட்டுப் புள்ளதானே.”

“நான் என்ட வாயால சொல்லல்ல கா. உன்ட தம்பிதான் எழுதி வெச்சிருக்கார்.” கோயிலின் முந்தைய ஆண்டுத் திருவிழா மலரைக் கையிலேயே கொண்டுவந்திருந்தார். கண்ணாடியைச் சரிசெய்து சத்தமாக வாசித்தார்: “‘அக்குடிப் பெண்பிள்ளைகள் தவிர வேறெவரும் ஆறாம் திருவிழாவில் மடைப்பெட்டி சுமந்ததில்லை.’”

என் வசனம். பதினான்கு பக்கக் கட்டுரையில் நான் மிகவும் விரும்பிய வசனம். அது பொய்.

யுத்தத்தால் சனங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த வருடம் எங்கள் குடியில் ஏழு பெண்பிள்ளைகள் தேறவில்லை. நான்கு பேர்தான். மற்ற மூவரும் வேறு குடிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருத்தி இதே வண்ணக்கரின் மகள், தாய்வழியில் அவருடைய மனைவியின் குடி. மூவரின் பெயர்களும் அன்றைய என் குறிப்பேட்டில் இருக்கின்றன. கட்டுரை எழுதும்போது அந்தப் பக்கம் மேசையில் திறந்தே கிடந்தது. ஒழுங்கான வழமைக்குள் ஓர் உடைசல் எதற்கு என்று விட்டுவிட்டேன். மறதி என்றால் மன்னிக்கலாம். அழகுக்காக விட்டேன்.

“அந்த வருஷம் உங்கட மகளும் தூக்கினவதானே மாமா,” என்றேன். “நான் இஞ்சதான் நிண்டன்.”

அவர் மறுக்கவில்லை. “அப்ப ஏன் எழுதல்ல?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “நம்மட திருவிழா நாளைப் பறிச்செடுக்க மற்றக் குடியாக்கள் கோட்டில வழக்குப் போட நிக்காங்க. நாம அச்சில போட்டத நாமளே மீறினா என்ன சொல்லுவாங்க? நீ எழுதாட்டி நான் பாக்காத மாதிரி நிண்டிருப்பன், மருமகன்.”

தன் மகளுக்குத் திறந்த வழியை என் மகளுக்கு அடைத்தவர் மீது எனக்கு வந்த கோபம் இன்றும் ஆறவில்லை. அந்த அடைப்புக்குப் பலகை கொடுத்தவன் நான் என்பது அந்தக் கோபத்தைக் குறைக்கவும் இல்லை, இரட்டிப்பாக்கியது.

மகள் தானே பெட்டியை இறக்கினாள். உதவிக்கு நீண்ட மச்சாளின் கையை விலக்கி, பக்கத்து மர வாங்கில் வைத்தாள். பறை தொடங்கியது. ஆறு பெட்டிகள் போயின.

“அப்பா, அது நீங்க எழுதினதா?”

“ஓம்.”

“உண்மையா?”

“இல்ல.”

உள்ளே போய்ப் பாவாடையை மாற்றிக்கொண்டு வந்து, தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்தாள். அழவில்லை. அக்காதான் கத்தினாள்: “படிச்சவன் எண்டுதானே உன்னட்ட எழுதக் குடுத்தம்! புள்ளட முகத்தப் பாத்தியா?”

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோயில் காரியாலயத்துக்குத் திருத்தம் ஒன்றை எழுதிக்கொண்டு போனேன். ஒலிபெருக்கியில் வாசிக்கும்படி கேட்டேன். காணாமற்போன செருப்பையும் பணப்பையையும் நாள் முழுக்க அறிவிக்கும் அதே ஒலிபெருக்கிதான். “திருவிழா முடியட்டும் சேர், பாப்பம்,” என்றார் செயலாளர். மூலையில் விற்காத மலர்ப் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒரு கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு பிரதியிலும் அந்த வசனத்தை மையால் வெட்டி, ‘தவறு. ஓராண்டு வேறு குடிப் பிள்ளைகள் மூவர் சுமந்தனர்’ என்று ஓரத்தில் எழுதினேன். பத்தொன்பதாவது பிரதியில் செயலாளர் கட்டைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். கோயில் சொத்தைப் பழுதாக்குகிறேனாம். பழுதானது எது என்று அவருக்குச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். வீதியில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

இவ்வருட மலருக்கும் கட்டுரை கேட்டார்கள். திருத்தத்தை முதல் பந்தியாக வைத்து அனுப்பினேன். அந்தப் பந்தியை எடுத்தால் போடுவார்களாம். கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன். வரும் விடுமுறைக்கு ரயில் பதிவு செய்ய வேண்டும். மகள் வரமாட்டாள் என்றாள். ஓர் இருக்கைதான் பதிவு செய்யப்போகிறேன்.